ஜூன் மாதம் வகுப்பை எதைக்கொண்டு நடத்துவது? நான்கு வழிகளும் என் தேர்வும்

காலைப் பிரேயர் நேரத்தில் எங்கள் பள்ளி மைதானத்தைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். முந்நூறு பிள்ளைகள் நிற்பார்கள். மணி அடித்ததும் ஓசை அடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், அன்றைய செய்தி என்று வரிசை பிசகாமல் நடக்கும். நடத்துவதும் பிள்ளைகள்தான், யாரும் அதட்டுவதில்லை. அதே பிள்ளைகள் பத்து நிமிடம் கழித்து ஆறாம் வகுப்பு அறைக்குள் வருகிறார்கள். பை வைக்கும் இடத்துக்குச் சண்டை. பென்சில் சீவக் குப்பைத் தொட்டியைச் சுற்றி ஆறு பேர். "மிஸ், இவன் என் ஸ்கேலை எடுத்துட்டான்." "மிஸ், ஒன்னுக்கு." நான் ஒரு கையால் செல்போன் செயலியில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டு, மறு கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் குணம் மாறிவிடாது. மைதானத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அறைக்குள் வந்ததும் அது தெரிவதில்லை. ஒழுங்கீனம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பலவும் இந்தத் தெரியாமையிலிருந்துதான் வருகிறது என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுத்துவரும் என் எண்ணம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் நம் பள்ளிகளில் புழக்கத்தில் இருக்கும் எல்லா முறைகளையும் செய்து பார்த்துவிட்டேன். இந்த ஜூனில் முதல்முறையாக ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு அந்த முறைகளை அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

பிரம்பை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003-ல் செய்த திருத்தமும், 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதை முடித்துவைத்துவிட்டன. உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே அந்தச் சட்டம் தடுக்கிறது. நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்துவது, முட்டி போட வைப்பது எல்லாம் அதில் அடக்கம்.

எந்த முறையை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன். நான் விடுப்பு எடுத்த நாளில் அது நிற்கிறதா? வகுப்பிலேயே அதிகம் தடுமாறுகிற பிள்ளைக்கு அது என்ன செய்கிறது? இவற்றோடு நேரக் கணக்கும் உண்டு. ஒரு பாடவேளையில் உட்காரவைக்க, நோட்டு கொடுக்க, அமைதிப்படுத்த என்று ஐந்து நிமிடம் போகிறது என்று வையுங்கள். நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றால் நாற்பது நிமிடம், அதாவது ஒரு முழுப் பாடவேளை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. கணக்குப் போட்டால் 220 பாடவேளை, இருபத்தேழரைப் பள்ளி நாட்கள். "போர்ஷன் முடியல" என்று மார்ச்சில் நாம் தேடுகிற நாட்கள் இவைதான்.

லீடரும் கரும்பலகையும்

நம் ஊரில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸோடு எழுந்து நிற்பார். பேசியவர்கள் பெயர் கரும்பலகையில் ஏறும். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. செலவில்லாதது, உடனே பலன் தருவது. ஐந்து நிமிட அமைதி நிச்சயம். அதனால்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் முழுக்க இதை நம்பியே வகுப்பை ஓட்டினேன். நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை லீடர் ஆக்கியிருந்தேன். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மதியம் அலுவலக அறையிலிருந்து சீக்கிரமாகத் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலகையில் ஏழு பெயர்கள். எட்டாவதாக ஒரு பையனின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தாள். அவன் டெஸ்க்குக்கு அடியிலிருந்து ஒரு கடலை மிட்டாயை நீட்டினான். முதல் எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் சொன்ன பதில் வேறு: "பேர் எழுதினா சாப்பிடும்போது என் பக்கத்துல யாரும் உக்கார மாட்றாங்க மிஸ்."

பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் போலீஸ் வேலையைக் கொடுத்துவிட்டு, அவள் நண்பர்களை இழந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பலகையில் ஏறிய அந்த ஏழு பெயர்களும் எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே ஏழுதான். அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பெயர் வராத நாளில்தான் அவர்களுக்கே வியப்பு.

இதே முறை அமெரிக்காவிலும் பெரிதாகப் பரவியது. 1976-ல் லீ கான்டர் என்பவர் முன்வைத்த ஒழுங்குத் திட்டத்தில் பெயரைப் பலகையில் எழுதுவதும், தொடர்ந்தால் குறி போடுவதும் இருந்தன. பிள்ளைகளை அவமானப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்த பிறகு, பலகையில் எழுத வேண்டாம், ஆசிரியர் தன் குறிப்பில் வைத்துக்கொள்ளட்டும் என்று அவரே மாற்றிக்கொண்டார். நாம் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் இல்லாத நாளில் இது நிற்குமா என்றால், அன்றைக்குத்தான் இது மிக மோசமாகப் போகும். தடுமாறும் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடும். லீடர் இருக்கட்டும், தப்பில்லை. சாக்பீஸ் எடுத்துவர, டேப் எடுத்துவர, புதுப் பிள்ளைக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்ட லீடர் வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

அபராதமும் இம்போசிஷனும்

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. தாமதமாக வந்தால் இரண்டு ரூபாய், நோட்டு மறந்தால் நூறு தடவை எழுது என்பவை எந்தப் பழக்கத்தையும் கற்றுத் தருவதில்லை. எழுதுவதே தண்டனை என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் கட்டுரை எழுது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அபராதத்தைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஒரு சிறு தொகையை அபராதமாக விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காசு கொடுத்தாயிற்று, இனி வருத்தப்பட என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2000-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு என் வகுப்பு உண்டியல்தான் நினைவுக்கு வந்தது. காசு உள்ள பிள்ளை போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தது. இல்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை.

நட்சத்திரமும் குழுப் புள்ளியும்

இது இனிமையானது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஐந்து குழுக்கள், ஆளுக்கொரு பூவின் பெயர், சுவரில் சார்ட், வெள்ளிக்கிழமை கணக்கு. இதற்கு ஆய்வுப் பலமும் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, நடத்தையை ஒரு விளையாட்டாக்கிப் பார்த்தார்கள். இடத்தை விட்டு எழுவதும் வேண்டாத பேச்சும் வெகுவாகக் குறைந்தன. விளையாட்டை நிறுத்தியபோது திரும்பி வந்தன, மறுபடி தொடங்கியபோது மீண்டும் குறைந்தன.

அந்த நடு வரி முக்கியம். நிறுத்தினால் திரும்பி வருகிறது. அதோடு, பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிப் படம் வரையவைத்த சிறு குழந்தைகள், பிறகு தாமாக விளையாடும் நேரத்தில் வரைவதையே குறைத்துக்கொண்டார்கள் என்று 1973-ல் ஓர் ஆய்வு காட்டியது. பரிசு எதுவும் சொல்லப்படாத குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. தானாகப் பிடித்துச் செய்யும் ஒன்றுக்கு நட்சத்திரம் ஒட்டினால் பிடித்தம் நட்சத்திரத்துக்கு மாறிவிடுகிறது. "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?" என்ற கேள்வி வகுப்பில் கேட்கத் தொடங்கினால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம்.

குழுவாகப் புள்ளி போடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவனால் புள்ளி போனால் மற்ற ஏழு பேரும் அவனை முறைக்கிறார்கள். அப்படி முறைக்கப்படுகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே தனியாக இருப்பவன். அதனால் புள்ளி கழிப்பதை அறவே விட்டுவிட்டேன். ஒரே ஒரு பழக்கம் படியும்வரை இரண்டு மூன்று வாரம் புள்ளி கூட்டலாம், பிறகு சார்ட்டைக் கழற்றிவிட வேண்டும். ஆண்டு முழுக்க வகுப்பை இதன் மேல் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

சேர்ந்து எழுதும் விதிகள்

முதல் நாள் பிள்ளைகளையே கேட்டு விதிகளை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சார்ட்டாகச் சுவரில் மாட்டுவது. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கும் இது பிடிக்கும். "நம்ம வகுப்பு" என்ற சொல் இதில்தான் முதலில் பிறக்கிறது.

ஆனால் செய்து பார்த்தால் இரண்டு சங்கதிகள் தெரியும். பிள்ளைகளிடம் விட்டால் நம்மைவிடக் கடுமையாக இருப்பார்கள். "பேசினா ஒரு நாள் ஃபுல்லா வெளிய நிக்கணும் மிஸ்" என்று ஒருவர் சொல்ல, வகுப்பே ஆமாம் போடும். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால் தண்டனையைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்கவே கூடாது. இரண்டாவது, விதி என்பது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும், வழி சொல்லாது. "பிறரை மதிப்போம்" என்று அழகாக எழுதி மாட்டியிருப்போம். நாற்பத்திரண்டு நோட்டு ஒரே நேரத்தில் என் மேசையை நோக்கி வரும்போது பிறரை மதிப்பது எப்படி? முதலில் வந்தவனை இடிக்காமல் எப்படி நிற்பது? சார்ட்டில் பதில் இல்லை. ஜூலைக்குள் சார்ட் சுவரோடு சுவராகிவிடும்.

விதி மூன்று அல்லது நான்கு போதும். எல்லாமே செய்ய வேண்டியதைச் சொல்லட்டும். "கூடாது" என்று முடியும் பதினொரு வரிகளை நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். எட்டாவது வரி என்ன என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வழக்கங்கள்

கடைசியாக, இப்போது நான் முழுக்க நம்பி நிற்கும் முறை. ஒரு நாளில் திரும்பத் திரும்ப வருகிற கணங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி நடக்கும் என்பதைப் பாடம் போலவே கற்றுக் கொடுத்துவிடுவது. பிரேயருக்கு நாம் செய்தது இதுதான். அறைக்குள் செய்ய மறந்துவிட்டோம்.

நோட்டுச் சேகரிப்பதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வகுப்பில் அதிகம் சண்டை வந்த இடம் அது. பழைய முறை: "நோட்டை வைங்க" என்பேன், நாற்பத்திரண்டு பேரும் எழுவார்கள். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், ஏறக்குறைய ஏழு நிமிடம். அதிலும் இரண்டு நோட்டு கீழே விழுந்து மிதிபட்டிருக்கும். புது முறை: யாரும் எழ வேண்டாம். இன்றைய பக்கத்தைத் திறந்து வை. சுவர் ஓரம் இருப்பவர் தன் நோட்டைப் பக்கத்தவர் நோட்டின் மேல் வைப்பார், திறந்த பக்கம் மேலே தெரிய வேண்டும். நடைபாதை ஓரம் இருப்பவர் தன் பெஞ்சின் நோட்டுக் கட்டை முன் பெஞ்சுக்குக் கொடுப்பார். முதல் பெஞ்சில் சேர்ந்த கட்டை நான் போய் எடுத்துக்கொள்வேன்.

இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செய்து காட்டினேன். பிறகு ஒரு வரிசை மட்டும் செய்தது, மற்றவர்கள் பார்த்தார்கள். பிறகு எல்லோரும். மூன்றாவது பெஞ்சில் கட்டு சரிந்து விழுந்தது, சிரிப்பு கிளம்பியது. "பரவாயில்ல, திரும்ப முதல்ல இருந்து" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு நான்கு முறை, மறுநாள் இரண்டு முறை. மூன்றாவது வாரத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. நோட்டுக்கள் ஏற்கெனவே திறந்திருப்பதால் திருத்துவதும் வேகமானது. முக்கியமாக, "அவன் இடிச்சான் மிஸ்" என்ற புகார் நின்றுபோனது. இடித்தவனை நான் திருத்தவில்லை. இடிக்க வேண்டிய நிலைமையை எடுத்துவிட்டேன்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-ல் வெளியிட்ட முடிவு இதோடு அப்படியே பொருந்துகிறது. நன்றாக வகுப்பு நடத்துபவர்களும் தடுமாறுபவர்களும் தவறு நடந்த பிறகு அதைக் கையாளும் விதத்தில் பெரிய வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது. அறை முழுக்க என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும்தான் நல்ல ஆசிரியர்கள் வேறுபட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பிறகு 2007 வாக்கில் மாநிலம் முழுக்கவும் செயல்வழிக் கற்றல் வந்ததே, அந்த வகுப்பறைகளில் பிள்ளை உள்ளே வந்ததும் தானே சார்ட்டில் தன் வருகையைக் குறிக்கும், தன் அட்டையைத் தேடி எடுக்கும், தன் குழுவில் போய் உட்காரும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு அந்தக் கையையே ஏன் கட்டிப்போடுகிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

எதிர்பார்ப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் இதில்தான் வருகிறது. "சத்தம் போடாதே" என்றால் எவ்வளவு என்று தெரியாது. மூன்று குரல் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன்: பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல், குழுவுக்குக் கேட்கும் குரல், வகுப்புக்கே கேட்கும் குரல். வேலை கொடுக்கும்போதே எந்தக் குரல் என்று சொல்லிவிடுவேன். வாயில் விரல் வைக்கச் சொல்வது இதில் சேராது. அது வாயை மட்டும் மூடும். கைக்கு என்ன வேலை, கண் எங்கே இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்லாது.

இன்னொரு வழக்கத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கதவருகே ஆணியில் இரண்டு மரத்துண்டுகள் தொங்குகின்றன, பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. துண்டு ஆணியில் இருந்தால், யாரையும் கேட்காமல் கையில் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகலாம். வந்து மாட்டிவிட வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதவிடாய் நாளில் ஆண் பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்று கேட்க வெட்கப்பட்டு, மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னிடம் சொன்ன பிறகுதான் இது வந்தது. இதைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் இருந்தார்கள், இரண்டு பேர். அவர்களிடம் தனியாகப் பேசினேன். மற்ற நாற்பது பேரின் துண்டைப் பிடுங்கவில்லை.

இந்த முறைக்கு விலை உண்டு, மறைக்க மாட்டேன். முதல் இரண்டு வாரம் பாடம் ஊர்ந்துதான் போகும். "டீச்சர், இன்னும் முதல் இயலையே தொடலையா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த இரண்டு வாரத்தை வீண் என்று இப்போது நினைக்கவில்லை. 1980-ல் டெக்சாஸில் மூன்றாம் வகுப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பார்த்து எழுதிய ஆய்வு ஒன்றிலும், ஆண்டு முழுக்க நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் முதல் வாரங்களில் வழக்கங்களைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர்கள் என்றே வந்தது.

அதிகமாகிவிட்டாலும் கெடும். இரண்டாவது முறை செய்தபோது ஆர்வத்தில் இருபத்து மூன்று வழக்கங்கள் எழுதினேன். ஆகஸ்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது ஆறுதான்: உள்ளே வருவது, நான் கை உயர்த்தினால் அமைதி, நோட்டு, கழிப்பறை, வேலை சீக்கிரம் முடித்தவர் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை எடுப்பது, தாமதமாக வருவது.

தாமதத்துக்கு ஏன் வழக்கம் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் தினமும் பதினைந்து நிமிடம் தாமதமாக வருவான். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட, தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. லீடர் முறையில் அவன் பெயர் பலகையில் இருந்திருக்கும். அபராத முறையில் அவன் வந்தே இருக்க மாட்டான். குழுப் புள்ளியில் அவன் குழு அவனை வெறுத்திருக்கும். இப்போது பின்வாசல் வழியாக வருகிறான், உட்கார்கிறான், பக்கத்தில் இருப்பவன் எதுவும் பேசாமல் பலகையில் இருக்கும் முதல் ஐந்து நிமிட வேலையைக் காட்டுகிறான், இடைவேளையில் என்னிடம் வந்து இரண்டு வார்த்தை பேசுகிறான். பாடம் நிற்பதில்லை. அவன் தலை குனிவதும் இல்லை.

வழக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி வாங்கிவிட்டு வரும் பிள்ளைக்கும், அப்பாவை இழந்த பிள்ளைக்கும் தேவைப்படுவது நாம்தான். ஆனால் மீதி நாற்பது பேரும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டால்தான் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

உங்கள் நிலைமைக்கு எது

ஈராசிரியர் பள்ளி என்றால் யோசிக்கவே வேண்டாம், வழக்கங்கள்தான். நீங்கள் மூன்றாம் வகுப்போடு இருக்கும்போது ஐந்தாம் வகுப்பைத் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் ஒரு வகுப்புக்குப் போகிறவர் என்றால் ஆறு வழக்கம் அதிகம், இரண்டு போதும்: உள்ளே வருவதும் நோட்டும். அந்த வகுப்புக்கு வரும் மற்ற ஆசிரியர்களில் இருவரையாவது அதே வழக்கங்களைப் பயன்படுத்தச் சம்மதிக்க வைத்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. பெஞ்சுகளை 'ப' வடிவில் போடலாமா என்று 2025-ல் பெரிய பேச்சு எழுந்தது. அறை அகலமாக இருந்தால் நல்லதுதான், எல்லோர் முகமும் தெரியும். ஆனால் பெஞ்சு எப்படி இருந்தாலும் நோட்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

சேர்ந்து எழுதும் விதிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை முதல் நாள் வைக்காமல் ஜூலையில் வைக்கிறேன். ஒரு மாதம் ஒழுங்காக நடந்த வகுப்பில் இருந்துவிட்டு எழுதும்போது, "பேசினா வெளிய நிக்கணும்" என்று யாரும் சொல்வதில்லை. "ஒருத்தர் படிக்கும்போது அவங்க முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்" என்று எழுதுகிறார்கள்.

ஜூனைத் தவறவிட்டுவிட்டீர்கள், வகுப்பு ஏற்கெனவே கையை மீறிவிட்டது என்றால் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எந்தக் கணம் உங்களை அதிகம் களைக்கவைக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். எனக்கு அது மதிய உணவு முடிந்து வரும் நேரம். மணி அடிப்பதற்கு முன்பே கதவருகே போய் நின்றுகொண்டேன். தட்டு கழுவிய ஈரக் கையோடு வருகிறார்கள். தட்டைப் பையில் வை, ஒரு வாய் தண்ணீர் குடி, பலகையில் இருக்கும் கணக்கை ரஃப் நோட்டில் போடு. மூன்று வேலை, மூன்றையும் வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் நாள் பாதிப் பேர் மறந்தார்கள், வாசலுக்குத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி உள்ளே வரச் சொன்னேன். எட்டாவது நாள் நான் அலுவலக அறையில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். கணக்கில் முதல் வரியைத் தப்பாக எழுதிப்போட்டிருந்தேன் போலிருக்கிறது. "மிஸ், அது ஏழு இல்ல, ஒன்பது" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.